எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் வேலையா?

"சுகருக்கு டாக்டர் இருக்கிறார், மெடிக்கல் ஷாப்பில் சீட்டைப் பார்த்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தால் போதும்." இந்த எண்ணம் நம் ஊர்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கடைக்காரர்கள் பலருக்கும் இது வசதி. கேடு நோயாளிக்கு.

டாக்டரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார் என்கிறார்கள். இன்சுலினையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் குப்பி இன்சுலின் இரண்டு செறிவுகளில் கிடைக்கிறது: ஒரு மில்லியில் 40 யூனிட், 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கானது ஆரஞ்சு. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு! இரவில் ஊசி போட்டுப் படுத்தவர் விடியற்காலையில் வேர்த்து, நினைவு தப்பிக் கிடக்கலாம். சீட்டில் டாக்டர் எழுதிய அளவில் பிழையே இல்லை. குப்பியும் சிரிஞ்சும் கைமாறிய மேசையில்தான் பிழை நடந்தது. அதைத் தடுக்கக்கூடியவரும் அந்த மேசைக்குப் பின்னால் நிற்பவர்தான். ஃப்ரீசரில் உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது, குத்திய இடத்திலேயே திரும்பத் திரும்பக் குத்தினால் தோலுக்கடியில் கொழுப்பு தடித்து மருந்து ஒழுங்காக ஏறாது என்பதையெல்லாம் வாங்கும்போதே சொல்ல ஒருவர் வேண்டாமா?

இன்னொன்று. சுகருக்கு ஒரு டாக்டர், மூட்டுவலிக்கு வேறொருவர், ஊருக்குப் போன இடத்தில் மூன்றாமவர். ஒருவர் எழுதிய, சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை, மற்றவர் எழுதிய கூட்டு மாத்திரைக்குள்ளும் வேறு பெயரில் ஒளிந்திருக்கும். மூட்டுவலிக்குத் தந்த ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும். எல்லாச் சீட்டும் ஒரே கடைக்கு வருமானால், இவற்றைச் சேர்த்துப் பார்க்க வாய்ப்புள்ளவர் மருந்தாளுநரே.

'அப்படி விட்டால் அவரே டாக்டராகிவிடுவார்' என்பது அடுத்த அச்சம். சீட்டே இல்லாமல் மாத்திரை விற்கும் கடைகளைப் பார்த்தவர்கள் இப்படிப் பயப்படுவதில் நியாயம் உண்டு. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் மருந்தைப் பற்றி நோயாளியிடம் பேசுவது அத்துமீறல் அல்ல. 2015-இல் வந்த மருந்தகப் பணி ஒழுங்குமுறைகள், பதிவுபெற்ற மருந்தாளுநர் தாமே அந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும் என்கின்றன.

பேசினால் சர்க்கரை குறையுமா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் ஆஷ்வில் நகரைக் காட்டலாம். வட கரோலினாவிலுள்ள அந்த நகராட்சி, 1990-களின் பிற்பகுதியில் சர்க்கரை நோயுள்ள தன் ஊழியர்களைப் பயிற்சி பெற்ற மருந்தாளுநர்களிடம் தொடர்ந்து ஆலோசனைக்கு அனுப்பியது. அவர்களுடைய மருந்துச் சலுகையையும் கூட்டியது. 2003-இல் வெளியான முடிவுகளின்படி, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு இறங்கியது. மருந்துச் செலவு ஏறியது; ஆனாலும் மொத்த மருத்துவச் செலவு ஆண்டுக்கு ஒருவருக்கு 1,200 டாலருக்கு மேல் குறைந்தது. விரும்பிச் சேர்ந்தவர்களிடம் நடந்த ஆய்வு என்பதால் அப்படியே எங்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். பயனே இல்லை என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

எனக்கு மிகவும் கனமாகத் தோன்றும் மறுப்பு வேறு: 'நம் கடைகளில் மருந்தாளுநரே இருப்பதில்லை, சுவரில் சான்றிதழ் தொங்கும், மேசையில் வேலைக்கு வந்த பையன் நிற்பான்.' பல இடங்களில் உண்மை. ஆனால் அது மருந்தாளுநரை ஒதுக்குவதற்கான காரணம் அல்ல, அவரைக் கடைக்குள் கொண்டுவருவதற்கான காரணம். 1948-ஆம் ஆண்டு மருந்தகச் சட்டம், சீட்டுக்கு மருந்து தருவதைப் பதிவுபெற்றவரிடமே ஒப்படைத்திருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டிய அதிகாரிகள் பார்க்கட்டும்.

நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை இன்சுலின் வாங்கும்போது "மருந்தாளுநர் யார்?" என்று கேளுங்கள். வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய், குப்பியையும் சிரிஞ்சையும் சேர்த்து அவரிடம் காட்டுங்கள்.