கம்ப்யூட்டர் வித்தையா? கைவேலையா?

ஒரு சிறிய பேரிங் வளையம், சாய்ந்த பலகையில் மெல்ல உருளுகிறது. போய், அடுத்த வளையத்தைத் தட்டுகிறது. அது உருண்டு போய், ஒரு பற்சக்கரத்தைத் தட்டுகிறது. பற்சக்கரம் இன்னொரு பொருளைத் தட்டுகிறது.

இப்படியே ஒன்று மாற்றி ஒன்று! சைலன்ஸர் தரையில் உருளுகிறது. டயர்கள் ஒன்றை ஒன்று தள்ளுகின்றன. கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர்கள், பூச்சி போலத் தரையில் ஊர்ந்து போகின்றன. கடைசியில் ஒரு முழுக் காரே மெதுவாக உருண்டு இறங்கி வந்து நிற்கிறது.

எல்லாம் 2 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இடையில் மனிதர் கை படவே இல்லை!

இது ஹோண்டா கம்பெனி, தன்னுடைய "அக்கார்டு" காருக்காக எடுத்த விளம்பரப் படம். படத்தின் பெயர் "காக்". பற்சக்கரம் என்று அதற்குப் பொருள். 2003-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6-ந் தேதி, பிரேசில் கார் பந்தயத்தை இங்கிலாந்து டெலிவிஷனில் காட்டினார்கள். அதன் நடுவே இந்த விளம்பரம் முதல் தடவையாக வந்தது.

பார்த்தவர்கள் அசந்து போனார்கள். உடனே ஒரு கேள்வியும் கிளம்பியது.

"இது நிஜமா? அல்லது கம்ப்யூட்டரில் செய்த மாயமா?"

ஜனங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். "எல்லாம் கம்ப்யூட்டர் வேலை. இப்படி எங்கேயாவது நடக்குமா?" என்றது ஒரு கட்சி. "ஒரே மூச்சில் எடுத்த படம். இதில் துளிகூட ஒட்டு இல்லை!" என்றது மறு கட்சி.

இரண்டு கட்சி சொன்னதும் தவறு. உண்மை நடுவில் இருக்கிறது.

மேட்டில் ஏறிய டயர்

கம்ப்யூட்டர் வேலை என்று சொன்னவர்கள், முக்கியமாக ஒரு காட்சியைக் காட்டினார்கள். அந்தக் காட்சியில் டயர்கள் சாய்வான பலகையில் உருளுகின்றன. கீழ்நோக்கி அல்ல, மேல்நோக்கி! உருண்டை எதுவும் பள்ளத்தை நோக்கித்தானே ஓடும்? தானாக மேட்டில் ஏறுமா?

ஏறும்! டயருக்கு உள்ளே, ஒரு பக்கத்தில் மட்டும் போல்ட்டும் திருகாணியும் வைத்துப் பாரம் ஏற்றி இருந்தார்கள். பாரம் உச்சியில் இருக்கும்படி டயரை நிறுத்தி இருந்தார்கள். லேசாகத் தட்டியதும் பாரம் கீழே வரப் பார்த்தது. அது கீழே வரும் வேகத்தில், டயர் மேட்டில் உருண்டது.

இதை வீட்டிலேயே குழந்தைகளுக்குச் செய்து காட்டலாம். வட்டமான ஒரு தகர டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு பக்கத்தில் மட்டும் களிமண் உருண்டையை அழுத்தி ஒட்டுங்கள். ஒரு பலகையைக் கொஞ்சமாகச் சாய்த்து வையுங்கள். களிமண் மேலே இருக்கும்படி டப்பாவைப் பலகையில் படுக்கவைத்து, மேட்டுப் பக்கமாக லேசாகத் தள்ளுங்கள். டப்பா சிறிது தூரம் மேட்டில் ஏறி நிற்கும்.

ஏறியது டப்பா. இறங்கியது பாரம். இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை!

606 தடவை

படத்தை டைரக்ட் செய்தவர், அந்துவான் பார்து-ழாக்கே என்ற பிரெஞ்சுக்காரர். பாரிஸ் நகரில் ஒரு ஸ்டூடியோவில் படம் பிடித்தார்கள். ஒரு காரைப் பாகம் பாகமாகக் கழற்றிப் போட்டார்கள். முழுசாக வந்து நிற்பதற்கு இன்னொரு கார்.

சில பாகங்களை, ஓர் அங்குலத்தில் 16-ல் ஒரு பங்குகூடப் பிசகாமல் வைக்க வேண்டும். அதாவது, ஓர் அரிசியின் பருமன் நகர்ந்தாலும் காரியம் கெட்டது! அறையின் சூடு கொஞ்சம் மாறினால் ஓட்டம் தவறும். காற்றில் ஈரம் கூடினாலும் தவறும். தூசு படிந்தாலும் தவறும்.

ஒரு பொருள் தவறினால், அடுத்தது அசையாது. உடனே "நிறுத்து!" என்று சொல்ல வேண்டியதுதான். எல்லாவற்றையும் பழையபடி அடுக்கி, முதலில் இருந்து தொடங்க வேண்டும். முதல் நாளில், முதல் வளையம் இரண்டாவது வளையத்தைச் சரியாகத் தட்டுவதற்கே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

ஒத்திகையும் படப்பிடிப்பும் சேர்த்து, மொத்தம் 606 தடவை! எத்தனையோ தடவை தோற்றாலும், எழுந்துபோய் மறுபடியும் அடுக்கியவர்களின் பொறுமையை என்னவென்று சொல்வது?

ஒட்டு எங்கே?

அப்படியானால், "துளிகூட ஒட்டு இல்லை" என்பது உண்மையா? அதுவும் இல்லை.

படத்தை ஒரே ஓட்டமாக எடுக்கவில்லை. ஒரு நிமிடம் ஒரு துண்டு. மறு நிமிடம் இன்னொரு துண்டு. முதல் துண்டுக்கு 2 நாள், அடுத்த துண்டுக்கு 2 நாள் ஆயிற்று. பிறகு இரண்டையும் சேர்த்தார்கள். சைலன்ஸர் தரையில் உருளுகிறதே, அந்த இடத்தில்தான் ஒட்டு இருக்கிறது. அதை ஒட்டியது கம்ப்யூட்டர்.

ஆகவே, கம்ப்யூட்டர் தொடவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் உருண்டதும், ஊர்ந்ததும், மேட்டில் ஏறியதும் நிஜமான பொருள்கள். அவற்றை அடுக்கியவை நிஜமான மனிதர்களின் கைகள்.

முன்னே செய்தவர்கள்

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். இந்த வேலையில் முன்னோடிகள் இருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் ஃபிஷ்லி, டேவிட் வைஸ் என்ற இரண்டு கலைஞர்கள், 1987-ல் ஒரு படம் வெளியிட்டார்கள். அது அரை மணி நேரம் ஓடும். அதிலும் டயர், ஏணி, பலகை எல்லாம் ஒன்றை ஒன்று தட்டிக்கொண்டே போகும். அதிலும் பார்ப்பவருக்குத் தெரியாதபடி ஒட்டுகள் உண்டு.

ஹோண்டா விளம்பரத்தைப் பார்த்த அந்தக் கலைஞர்கள், "எங்கள் படத்தைப் போல எடுத்திருக்கிறார்கள்" என்று குறை கூறினார்கள். அது நியாயமான குறை. அடுக்கியவர்களுக்குப் பாராட்டு வேண்டும் என்றால், முதலில் வழி காட்டியவர்களுக்கும் பாராட்டு வேண்டும் அல்லவா?

சந்தேகம் நல்லது, ஆனால்...

2003-ல் கம்ப்யூட்டரில் பொய்ப்படம் செய்வது பெரிய வேலை. இன்று அப்படி இல்லை. நாலு வார்த்தை சொன்னால் போதும். இல்லாத மனிதரையும் இருப்பதுபோலக் காட்டிவிடுகிறது கம்ப்யூட்டர். ஆகையால், எதைப் பார்த்தாலும் சந்தேகப்படும் பழக்கம் வந்துவிட்டது.

சந்தேகம் நல்லதுதான். ஏமாறாமல் இருக்க அது வேண்டும். ஆனால் "எல்லாம் பொய்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது சந்தேகம் ஆகாது. அது சோம்பல்! "எல்லாம் நிஜம்" என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் அதே சோம்பல்தான்.

இந்தச் சோம்பலால் இருவருக்கு நஷ்டம். உண்மையாகப் பாடுபட்டவனுக்கு உரிய பேர் கிடைப்பது இல்லை. பார்த்தவனுக்கோ, "டயர் எப்படி மேட்டில் ஏறியது?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் சந்தோஷம் கிடைப்பது இல்லை. லாபம் அடைகிறவன் ஒருவன்தான். அவன் ஏமாற்றுக்காரன்! எல்லாமே பொய் என்று ஊர் நினைத்துவிட்டால், அவன் பொய் மட்டும் தனியாகத் தெரியாது அல்லவா?

அதிசயமான படம் ஒன்றை அடுத்த தடவை வீட்டில் பார்க்கும்போது, "இது பொய்" என்று பெரியவர்கள் முந்திக்கொள்ள வேண்டாம். "இதை எப்படிச் செய்திருப்பார்கள்?" என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். ஒரு டப்பாவையும் கொஞ்சம் களிமண்ணையும் கையில் கொடுங்கள்.

செய்து பார்த்த பிள்ளையை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.