"பாரதியாரே அடிச்சவர்தானே தாத்தா?"



காணும் பொங்கலன்று செங்கல்பட்டிலிருந்து குடும்பத்தோடு மாமல்லபுரம் போயிருந்தோம். கடற்கரையில் கூட்டம் சொல்லி மாளாது. சற்றுத் தள்ளிச் சவுக்குத் தோப்புப் பக்கம் நடந்தால் கஞ்சா வாடை. நான் முகம் சுளித்ததைப் பார்த்து, கல்லூரியில் படிக்கும் என் தம்பி பேரன் சிரித்துக்கொண்டே கேட்டான்: "பாரதியாரே அடிச்சவர்தானே தாத்தா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் ஒரு மாணவன் இதையே கேட்டான். "உட்காருடா" என்று அதட்டிவிட்டேன். அவன் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: தவறு என்னுடையது.

ஆம், பாரதிக்கு அந்தப் பழக்கம் இருந்தது. அவரோடு பழகியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், வ.உ.சி.யின் நினைவுகளிலும் அது வருகிறது. கஞ்சாவும் அபினும் அரசு உரிமம் பெற்ற கடைகளில் விற்ற காலம் அது. இன்றைய போதைப்பொருள் தடைச் சட்டம் வந்தது 1985இல்தான்.

ஆனால் போதையால்தான் பாட்டு வந்தது என்பதை நான் ஏற்க மாட்டேன். 17ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தின் இஸ்பஹான் நகரில் கசகசாக் காய்க் கஷாயம் விற்கவே தனிக் கடைகள் இருந்தன. கவிஞரும் குடித்தார்கள், கடைக்காரரும் குடித்தார்கள். குடித்தவர் எல்லாம் கவிஞர் ஆனார்களா? பாரதி பல மொழி கற்றவர்; பத்திரிகை நடத்தியவர். பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912இல் வெளிவந்தது. கீதையையும் தமிழாக்கினார். அதற்கெல்லாம் வேண்டியது படிப்பும் உழைப்பும் தெளிந்த தலையும்.

போதை அவருக்குக் கொடுத்ததைப் பேசுகிறவர்கள், அது எடுத்துக்கொண்டதைப் பேசுவதில்லை. 1921இல் திருவல்லிக்கேணிக் கோயில் யானை தள்ளியதில் அடிபட்டுத் தேறினார். ஆனால் செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு வந்தபோது நலிந்த அந்த உடம்பு தாங்கவில்லை. 39 வயது நிறையவில்லை. போதைதான் கொன்றது என்று சொல்ல மாட்டேன். அந்த உடம்புக்கு அது நல்லது செய்யவில்லை என்று மட்டும் சொல்வேன். அதன்பின் அவர் பாடல்களை அச்சிட்டுக் காக்க அலைந்தவர் செல்லம்மாள்.

இதைத்தான் திரும்பும் வழியில் பேரனிடம் சொன்னேன். கேலி இல்லாமல் கேட்டுக்கொண்டான். "இதை ஏன் தாத்தா எங்க ஸ்கூல்ல யாரும் சொல்லல?" என்றான்.

என் மாணவர்களில் பலர் இன்று ஆசிரியர்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளைகள் கேட்டால் மறைக்காதீர்கள். நாம் பாதியை மறைத்தால், மீதிப் பாதியைச் சவுக்குத் தோப்பில் எவனாவது சொல்லிக் கொடுப்பான். பாரதியைத் தெய்வமாக்க வேண்டாம்; முழு மனிதராகக் காட்டுங்கள். அவர் பெருமை குறையாது.

எல்லோரும் நலமாக இருங்கள்.