பரிசாக வந்த பல்கலைக்கழகம்

(பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு வேதியியல் மாணவர் ஒருவர்)

வரலாறு என்றதும் தலைநகரங்களும் போர்க்களங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. சிற்றூர்களுக்கு வரலாற்று நூல்களில் கிடைக்கும் இடம் மிகச் சிறியது. ஆனால் ஓர் ஆட்சி தன் குடிமக்களை எவ்வாறு நடத்தியது என்பதை அறிய வேண்டுமானால், தலைநகரைவிடச் சிற்றூரே நல்ல சாட்சி என்பது என் கருத்து. அதற்கு எடுத்துக்காட்டாக ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கே, கட்டலோனியாப் பகுதியில் உள்ள செர்வேரா என்னும் ஊரின் கதையை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பார்சலோனாவிலிருந்து உள்நாட்டை நோக்கி ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் சென்றால், கோதுமையும் பார்லியும் விளையும் வறண்ட மேட்டு நிலத்தில், ஒரு குன்றின் முதுகில் நீண்டு கிடக்கிறது செர்வேரா. இன்றும் அங்கே வாழ்பவர்கள் பத்தாயிரம் பேர் அளவில்தான். அந்தச் சின்னஞ்சிறு ஊரில், 18-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், கட்டலோனியா முழுமைக்குமான ஒரே பல்கலைக்கழகம் இருந்தது! கேட்பதற்கு எவ்வளவு இனிமையாக இருக்கிறது! சிற்றூருக்கு இவ்வளவு பெரிய பேறா என்று வியக்கத் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பேறு வந்த வழியை அறிந்தால் வியப்பு மறைந்து வேதனையே மிஞ்சும்.

கதையைத் தொடக்கத்திலிருந்தே பார்ப்போம். செர்வேரா அரசர்கள் அமைத்த ஊரன்று. கிறித்தவ அரசுகளுக்கும் இசுலாமிய அரசுகளுக்கும் இடையே எல்லைப்புறமாகக் கிடந்த வெற்று நிலத்தில் மூன்று உழவர் குடும்பங்கள் குடியேறி, மண்ணைத் திருத்தி, காவலுக்கு ஒரு வலிய வீட்டையும் கட்டின. 1026-ஆம் ஆண்டில் பார்சலோனாவின் ஆட்சியாளர்கள் அந்நிலத்தின் உரிமையை அவர்களுக்கே எழுதிக் கொடுத்தனர். ஆக, ஊரின் முதற்கல்லை நட்டவை உழுத கைகளே. அரசு பின்னால் வந்து முத்திரை மட்டும் வைத்தது. உலகில் எத்தனையோ ஊர்களின் தோற்றம் இப்படித்தான் இருந்திருக்கும்.

ஊர் வளர்ந்தது. பார்சலோனாவுக்கும் லெய்டா நகருக்கும் இடையிலான பெருவழியில் இருந்ததால் வாணிகமும் வளர்ந்தது. வளர்ந்த ஊரைத் தேடி அரசர்களும் பிரபுக்களும் வந்தார்கள். வந்தவர்கள் என்ன செய்தார்கள்? 1202-ஆம் ஆண்டு பேத்ரோ மன்னர் இங்கே ஒரு பேரவையைக் கூட்டினார். அந்தப் பேரவையில் ஒரு கொடிய சட்டம் ஒப்புக்கொள்ளப்பட்டது. நிலப்பிரபு தன் கீழுள்ள குடியானவனைக் கொடுமைப்படுத்தினால், அந்தக் குடியானவன் மன்னனிடம் சென்று முறையிட முடியாது என்பதே அதன் சாரம். அடிப்பது மட்டுமன்று, அடிபட்டவன் அழுவதைக் கேட்க ஆளில்லாமல் செய்வதும் சட்டமாயிற்று. மூன்று உழவர் குடும்பங்கள் உண்டாக்கிய ஊரிலேயே உழவனின் வாய் அடைக்கப்பட்டது. என்னே வரலாற்றின் விந்தை!

அதே ஊரில் நல்லதும் நடந்தது. 1359-இல் இங்கே கூடிய பேரவையில், வரி தண்டுவதையும் செலவு செய்வதையும் கவனிக்க நிலையான பேராளர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. பெரெங்கர் தெ குரூயில்யஸ் என்னும் ஆயர் அதன் தலைவரானார். இன்று கட்டலோனியாவை ஆளும் தன்னாட்சி அரசு தன் வரலாற்றை அந்தக் குழுவிலிருந்துதான் கணக்கிடுகிறது. 110 ஆண்டுகள் கழித்து, 1469 சனவரியில், இளவரசர் பெர்டினாந்து இசபெல்லாவை மணப்பதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் செர்வேராவில்தான். அந்தத் திருமணமே ஸ்பெயினின் இரு பெரும் முடியரசுகளை ஒன்றாக இணைத்தது. அதே பெர்டினாந்துதான், உழவர்களின் நீண்ட கிளர்ச்சிக்குப் பின்னர், 1486-இல் குவாதலூப்பே தீர்ப்பின் வழியாக நிலப்பிரபுக்களின் அந்தக் கொடிய உரிமைக்கு முடிவு கட்டினார். 1202-இல் அடைபட்ட வாய் திறப்பதற்கு 284 ஆண்டுகள் பிடித்தன!

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். செர்வேராவின் பெயரால் வரலாற்று நூல்களில் பதிந்திருக்கும் நிகழ்ச்சிகளில் பல, ஊரில் நடந்தவையே தவிர ஊர் செய்தவை அல்ல. மேலிருப்பவர்கள் வந்தார்கள், கூடினார்கள், முடிவெடுத்தார்கள், போய்விட்டார்கள். பல்கலைக்கழகம் வந்த கதையும் இதிலிருந்து வேறுபட்டதன்று.

1701-இல் ஸ்பெயின் அரியணைக்காக ஒரு பெரும்போர் மூண்டது. பிரெஞ்சு அரச குடும்பத்தில் பிறந்த ஐந்தாம் பிலிப்பு ஒரு பக்கம். ஆஸ்திரிய இளவரசர் சார்லசு மறுபக்கம். கட்டலோனியாவின் பெரும்பகுதி சார்லசின் பக்கம் நின்றது. இறுதியில் பிலிப்பு வென்றார். 1714 செப்டம்பர் 11-ஆம் நாள் பார்சலோனா வீழ்ந்தது. வென்றவர் பழிதீர்த்தார். 1716-இல் வெளியான ஆணையால் கட்டலோனியாவின் பழைய சட்டமன்ற அமைப்புகள் ஒழிந்தன. உயர் நீதிமன்றத்தில் கட்டலான் மொழி போய்க் காஸ்டிலிய மொழி வந்தது. அதோடும் நிற்கவில்லை. 1300-இல் தோன்றிய லெய்டா பல்கலைக்கழகம், 1450-இல் உரிமை பெற்ற பார்சலோனா பல்கலைக்கழகம், இவற்றோடு ஜிரோனா முதலிய இடங்களில் இருந்த பல்கலைக்கழகங்கள் எல்லாம் மூடப்பட்டன. இவை அனைத்துக்கும் பதிலாக, தமக்கு விசுவாசமாக இருந்ததாகச் சொல்லிக்கொண்ட செர்வேராவுக்கு 1717-இல் ஒரே ஒரு பல்கலைக்கழகத்தை வழங்கினார் பிலிப்பு. ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்பது இதுதான்!

1718-இல் தொடங்கிய கட்டட வேலை பல பத்தாண்டுகள் நீண்டது. ஊரின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத மாபெரும் மாளிகை எழுந்தது. அதன் முகப்பின் உச்சியில் கல்லில் செதுக்கிய அரச முடி இன்றும் இருக்கிறது. உள்ளே போகும் மாணவன் நிமிர்ந்து பார்த்தால் முதலில் தெரிவது அந்த முடிதான். 'நீ படிப்பது அரசன் போட்ட பிச்சை' என்று அந்தக் கல் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்படியானால் அங்கே நல்ல கல்வியே நடக்கவில்லையா? அவ்வாறு சொல்வது நேர்மையாகாது. உரோமானியச் சட்டத்தில் ஐரோப்பாவெங்கும் மதிக்கப்பட்ட யோசெப் ஃபினெஸ்ட்ரெஸ் அங்கே பேராசிரியராக இருந்தார். அங்கே தத்துவம் பயின்ற அந்தோனி ஜிம்பெர்நாத் பின்னாளில் புகழ்பெற்ற அறுவை மருத்துவரானார். அடிவயிறும் தொடையும் சேருமிடத்திலுள்ள ஓர் இணைப்பு நாருக்கு அவர் பெயரே வழங்குகிறது. விலங்கியல் பயிலும் நண்பர்கள் அந்தப் பெயரை உடலியல் நூல்களில் காணலாம்.

இன்னும் இருவரை நான் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன். ஒருவர் ஜௌமே பால்மெஸ். தோல் தொழில் செய்தவரின் மகன். உதவித்தொகை பெற்றுச் செர்வேராவில் படித்து, 19-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் பெரிய தத்துவ அறிஞர்களில் ஒருவராக உயர்ந்தார். மற்றவர் நார்சிஸ் மொன்டுரியோல். பீப்பாய் செய்யும் தொழிலாளியின் மகன். செர்வேராவில் பயின்று, பின்னர்ப் பார்சலோனாவில் சட்டப் பட்டம் பெற்றவர். அவர் 1859-இல் தாம் அமைத்த நீர்மூழ்கிக் கப்பலைப் பார்சலோனாத் துறைமுகத்தில் நீருக்குள் செலுத்திக் காட்டினார். அதன்பின் கட்டிய இரண்டாவது கப்பலில், துத்தநாகமும் பொட்டாசியம் குளோரேட்டும் கலந்த கலவையின் வேதிவினையால் வெப்பம் உண்டாக்கி, நீருக்கடியிலேயே நீராவி எந்திரத்தை இயக்கினார். அவ்வினையில் வெளிப்பட்ட ஆக்சிஜன் உள்ளிருப்பவர்கள் சுவாசிக்க உதவிற்று. நம் ஆய்வுக்கூடத்தில் நாம் கையாளும் அதே பொட்டாசியம் குளோரேட்டு! பீப்பாய்த் தொழிலாளியின் மகன் இந்த அளவுக்கு எண்ணிப் பார்க்க முடிந்தது எதனால்? எங்கோ ஒரு கல்விக்கூடத்தின் கதவு அவனுக்குத் திறந்திருந்ததால்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனவே இந்த இருவரின் கதையைப் படித்தபோது, அரசனின் நோக்கம் எதுவாயினும் சிற்றூரில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது நல்லதே என்று முதலில் தோன்றியது. ஆனால் மேலும் எண்ணிப் பார்த்தால் வேறொரு கேள்வி எழுகிறது. பால்மெஸ் பிறந்த விக் நகரிலும், ஜிரோனாவிலும், லெய்டாவிலும் கதவுகள் மூடிக்கிடந்தனவே! செர்வேராவுக்கு வர வழிச்செலவுக்குப் பணமின்றி வீட்டோடு நின்றுவிட்ட தொழிலாளர் பிள்ளைகள் எத்தனை பேர்? வந்தவர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது. வராதவர்களின் பெயரை எழுதி வைக்க எந்த வரலாற்று ஆசிரியரும் இல்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மாணவர் கூட்டம் பெருநகரில் இருந்தால் தொல்லை, அமைதியான சிற்றூரில் அடங்கிக் கிடக்கட்டும் என்பதும் அரசின் கணக்கு. அந்தக் கணக்கு ஓரளவுக்குப் பலித்தது. இலத்தீன் மொழியில் இறையியலும் சட்டமுமே அங்கே ஓங்கி நின்றன. 1767-இல் ஸ்பெயினிலிருந்து இயேசு சபையினர் வெளியேற்றப்பட்டபோது பல்கலைக்கழகம் தன் நல்லாசிரியர் சிலரையும் இழந்து தளர்ந்தது. 1827-இல் ஏழாம் பெர்டினாந்து மன்னருக்கு விசுவாசம் தெரிவித்து அனுப்பிய மடலில், சிந்தித்தல் என்னும் ஆபத்தான புதுமை தங்களை அண்டாது என்ற பொருள்படப் பல்கலைக்கழகமே எழுதிற்று! சிந்தனையை வளர்க்க வேண்டிய இடம் சிந்திக்க மாட்டோம் என்று சத்தியம் செய்தால் அதைப் பல்கலைக்கழகம் என்று எப்படி அழைப்பது?

அதே காலத்தில் பல்கலைக்கழகம் பறிக்கப்பட்ட பார்சலோனா என்ன செய்தது? 1760-இல் அங்கே அறுவை மருத்துவக் கல்லூரி தோன்றியது. வணிகர்களின் வாரியம் கப்பலோட்டும் கலைக்கும், ஓவியத்துக்கும், 1805-இல் வேதியியலுக்கும் பள்ளிகளைத் திறந்தது. நெசவு ஆலைகளுக்குச் சாயம் பற்றிய அறிவு தேவைப்பட்டது. கப்பல்களுக்குக் கணிதம் தேவைப்பட்டது. தேவையை உணர்ந்த மக்கள் வாழும் இடத்தில் அறிவு எந்த வழியிலேனும் முளைத்துவிடும். அரச ஆணையால் பட்டம் வழங்கும் உரிமையைப் பறிக்கலாம். அறியும் வேட்கையைப் பறிக்க முடியாது.

கடைசியில் 1837-இல் பல்கலைக்கழகம் பார்சலோனாவுக்கு மாற்றப்பட்டது. 1842-இல் அந்த மாற்றம் நிலையாயிற்று. நீதி கிடைத்துவிட்டது என்று பலர் மகிழ்ந்திருப்பார்கள். நான் மகிழமாட்டேன். ஏனெனில் அப்போதும் நடந்தது அதே தவறுதான். முன்னே எல்லா ஊர்களிலும் மூடி ஓர் ஊரில் திறந்தார்கள். பின்னே அந்த ஓர் ஊரிலும் மூடித் தலைநகரில் திறந்தார்கள். லெய்டா தன் பல்கலைக்கழகத்தைத் திரும்பப் பெற்றது 1991-இல்தான். 274 ஆண்டுகள்! ஜிரோனாவும் அதே ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. ஒரு கையெழுத்தில் மூடிய கதவைத் திறக்க ஏறத்தாழப் பத்துத் தலைமுறைகள் பிடித்தன.

செர்வேரா பிறகு என்ன ஆயிற்று? மாணவர் கூட்டம் போனதும் ஊர் வெறிச்சோடியது. 1860-இல் பார்சலோனாவையும் லெய்டாவையும் இணைக்கும் இருப்புப்பாதை வந்தது. 1920-களின் தொடக்கத்தில் ஊரின் உழவர் கூட்டுறவுச் சங்கம், செசார் மார்த்தினெல் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு அழகிய மாவு ஆலையைக் கட்டியது. பழைய பல்கலைக்கழக மாளிகையில் இன்று ஆவணக் காப்பகமும், தொலைதூரக் கல்விப் பல்கலைக்கழகத்தின் மையமும் இயங்குகின்றன. அரசன் கொடுத்த மாளிகை ஒருபுறம். உழவர்கள் ஒன்றுகூடி எழுப்பிய ஆலை மறுபுறம். ஊரின் உண்மையான பெருமை எது என்று கேட்டால், 1026-இல் வந்த அந்த மூன்று குடும்பங்களின் வழியில் நின்ற ஆலையையே நான் காட்டுவேன்.

நண்பர்களே! சிற்றூரில் பல்கலைக்கழகம் அமைத்தது பிலிப்பு மன்னரின் தவறன்று. மற்ற ஊர்களில் இருந்தவற்றை மூடியதே தவறு. கல்வியை விசுவாசத்துக்குப் பரிசாகவும், எதிர்ப்புக்குத் தண்டனையாகவும் ஆக்கியதே தவறு. பரிசாக வந்த பொருளைக் கொடுத்தவனே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். உரிமையாக வந்த பொருளை எளிதில் எடுக்க முடியாது. ஓரிடத்துக் கல்விக்கூடம் அழகாக ஓங்கி நிற்கிறது என்று வியக்கும் போதெல்லாம், அதற்காக வேறெங்கே ஒரு கதவு மூடப்பட்டது என்றும் கேட்கக் கற்றுக்கொள்வோம். படித்தவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவே. அந்தக் கேள்வியைக் கேட்கத் துணியாத பட்டத்தால் பயனில்லை. சிந்திப்போம், சிந்திப்பது ஆபத்தென்று சொல்பவர் முன்னிலையில் இன்னும் உரக்கச் சிந்திப்போம்!