உண்டியல் காசு உள்ளூர் என்ஜிஓ-வுக்கு எப்படிப் போகிறது? வழியில் எங்கே நிற்கிறது?

2021 டிசம்பர் கடைசி வாரம் ஞாபகம் இருக்கா? அன்னை தெரசா தொடங்கிய மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டி அமைப்பின் வெளிநாட்டு நன்கொடைப் பதிவைப் புதுப்பிக்க மத்திய உள்துறை அமைச்சகம் மறுத்துவிட்டது. முடிவு எடுக்கப்பட்ட தேதி டிசம்பர் 25. ட்விட்டர் இரண்டு நாள் கொதித்தது. ஒடிசாவில் அந்த அமைப்பு நடத்தும் தொழுநோயாளர் இல்லங்களும் குழந்தைகள் இல்லங்களும் பட்டினி கிடக்கக் கூடாது என்று அன்றைய முதல்வர் நவீன் பட்நாயக் நிவாரண நிதியிலிருந்து சுமார் 78 லட்சம் ரூபாய் ஒதுக்கினார். ஜனவரி முதல் வாரத்திலேயே பதிவு திரும்பக் கிடைத்தது. எல்லாரும் அடுத்த டிரெண்டுக்குப் போய்விட்டோம்.

அதே புத்தாண்டு அன்று இன்னொன்றும் நடந்தது. நாடு முழுக்க 5,900-க்கும் மேற்பட்ட அமைப்புகள் வெளிநாட்டு நிதி வாங்கும் தகுதியை ஒரே நாளில் இழந்தன. ‘பெரும்பாலானவர்கள் புதுப்பிக்க விண்ணப்பிக்கவே இல்லை’ என்பது அரசு சொன்ன காரணம். உண்மைதான். ஆனால் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டால் கதை வேறு பக்கம் போகிறது. அதைப் புரிந்துகொள்ள, மத அடிப்படையிலான அறக்கட்டளைகளின் பணம் ஒரு கிராமத்து அமைப்பு வரைக்கும் எப்படி வந்து சேர்ந்தது என்று முதலில் பார்க்கணும்.

தானம் வேறு, கிராண்ட் வேறு

வடலூரில் வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமச்சாலையில் இன்றும் அடுப்பு எரிகிறது. அரிசி வருகிறது, சோறாகிறது, பசியோடு வந்தவர் சாப்பிடுகிறார். கொடுப்பவருக்கும் சாப்பிடுபவருக்கும் நடுவில் ஒரு அடுப்புதான். இது தானம்.

கிராண்ட் அப்படி இல்லை. பணம் வைத்திருக்கும் அறக்கட்டளை நேரடியாக வேலை செய்வதில்லை. வேலை செய்யும் வேறொரு அமைப்புக்குப் பணம் கொடுக்கிறது. ‘இந்த வேலையை, இந்தப் பகுதியில், இத்தனை வருஷத்துக்குள் செய்யுங்கள், கணக்கு காட்டுங்கள்’ என்பது ஒப்பந்தம். ஊரைத் தெரிந்தவர்கள் ஊர்க்காரர்கள்தான், பணம் இருப்பது வேறு எங்கோ. இந்த இரண்டையும் சேர்த்து வைக்கிற ஏற்பாடு அது.

ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்நாட்டுக் கத்தோலிக்க ஆயர்கள் 1958-ல் ‘மிசெரியோர்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தவக்காலத்தின் ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை அங்குள்ள தேவாலயங்களில் திரளும் காணிக்கை அதற்குப் போகும். அடுத்த வருஷமே புராட்டஸ்டன்ட் சபைகள் ‘பிரோட் ஃபியூர் டி வெல்ட்’ என்ற இயக்கத்தைத் தொடங்கின. ‘உலகுக்கு ரொட்டி’ என்று அர்த்தம். இந்த இரண்டும் இந்தியாவில் நேரடியாகக் கிணறு வெட்டுவதில்லை. உள்ளூர் அமைப்புகளுக்கு நிதி கொடுக்கின்றன. இன்னொரு விஷயம்: இவர்கள் கையில் இருப்பது காணிக்கைப் பணம் மட்டும் இல்லை. ஜெர்மன் அரசின் வளர்ச்சி உதவி நிதியும் இவர்கள் வழியாகப் போகிறது. ‘சர்ச் பணம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம், அதில் ஒரு ஜெர்மன்காரரின் வரிப்பணமும் கலந்திருக்கும்.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்லை. வேலூரில் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த மருத்துவமனைக்கு, நியூயார்க் வங்கியாளர் ஒருவர் மறைந்த தன் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். 1902-ல் 40 படுக்கை மருத்துவமனை எழுந்தது. இன்றைய சிஎம்சி அதிலிருந்து வளர்ந்ததுதான். அந்தப் பத்தாயிரம் டாலரை இன்று அனுப்பினால் என்னென்ன படிவம் கேட்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தேன். தலை சுற்றியது.

நடுவில் இருந்த ஆள்

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். ஜவ்வாது மலைப் பக்கம் பழங்குடிக் குழந்தைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் சின்ன அமைப்பு. நான்கு ஊழியர்கள், ஒரு வாடகை அறை. எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவும் இருக்கிறது. ஆனால் ஜெர்மனியில் இருக்கும் அறக்கட்டளைக்கு ஆங்கிலத்தில் ப்ரொபோசல் எழுதுவது, மூன்று வருஷத்துக்கு பட்ஜெட் போடுவது, எத்தனை குழந்தைகள் எந்த வகுப்பு வரை படிப்பார்கள் என்று இலக்கு வைப்பது, அதை அளந்து ரிப்போர்ட் அனுப்புவது எல்லாம் அவர்களால் முடியாது. அறக்கட்டளைக்கும் இப்படி ஆயிரம் சின்ன அமைப்புகளைத் தனித்தனியாகத் தேடிப் பிடிக்க முடியாது.

அதனால் நடுவில் ஒரு பெரிய இந்திய அமைப்பு இருந்தது. வெளிநாட்டிலிருந்து மொத்தமாக ஒரு கோடி வாங்கி, நம்பகமான பத்து இருபது சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். கணக்கு எழுதக் கற்றுக்கொடுக்கும், ஆடிட் பார்க்கும், தப்பு நடந்தால் காதைத் திருகும். 2010 சட்டத்தின் 7-வது பிரிவு இதை அனுமதித்தது. இன்னொரு பதிவு பெற்ற அமைப்புக்கு நிதியை மாற்றிக் கொடுக்கலாம் என்றது.

2020 செப்டம்பரில் அது முடிந்தது. கொரோனா உச்சத்தில் இருந்த நேரம். 21-ம் தேதி மக்களவை, 23-ம் தேதி மாநிலங்களவை, மாத முடிவுக்குள் அமல். திருத்தப்பட்ட 7-வது பிரிவின்படி, வாங்கிய வெளிநாட்டு நிதியை வேறு யாருக்குமே மாற்றக் கூடாது. வாங்குகிற ஆள் பதிவு பெற்றவராக இருந்தாலும் கூடாது.

கூடவே இன்னும் சில மாற்றங்கள் வந்தன. வெளிநாட்டுப் பணம் எல்லாமே டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில் திறக்கும் கணக்குக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. புதிதாகப் பதிவு கேட்கும் அமைப்பு மூன்று வருஷத்தில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்து காட்ட வேண்டும், முன்பு 10 லட்சம்.

அந்த 20 சதவீதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ‘சேவை செய்யுறவங்களுக்கு எதுக்கு இவ்வளவு ஆபீஸ் செலவு?’ ஆனால் கணக்குப் போடுங்க. பத்து கோடி வாங்கும் அமைப்புக்கு 20 சதவீதம் என்றால் இரண்டு கோடி, தாராளம். பத்து லட்சம் வாங்கும் அமைப்புக்கு இரண்டு லட்சம். அதில் வருஷம் முழுக்க ஒரு கணக்காளர் சம்பளம், ஆடிட்டர் ஃபீஸ், வாடகை, கரன்ட் பில். மாதம் பதினாறாயிரத்துச் சொச்சம். மருத்துவர், ஆசிரியர் சம்பளங்கள் நிர்வாகச் செலவில் சேராது, அது ஒரு ஆறுதல். ஆனால் சட்டம் கேட்கும் அத்தனை படிவங்களையும் நிரப்ப வேண்டிய ஆள் அந்தப் பதினாறாயிரத்துக்குள்தான் வர வேண்டும். கட்டுப்பாடு கூடக் கூட பேப்பர் வேலை கூடுது, அதைச் செய்யும் ஆளுக்கான காசு குறையுது.

நடுவில் இருந்த அமைப்பிடமிருந்து இனி பணமே வராது என்றான பிறகு, ஒரு சின்ன அமைப்பு பதிவைப் புதுப்பிக்க எதற்காக மெனக்கெடணும்? 2022 ஜனவரி 1 கணக்கில் ‘விண்ணப்பிக்கவில்லை’ என்று எழுதப்பட்டவர்களில் இப்படிப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள் என்பது என் அனுமானம்.

அரசின் வாதத்தில் நியாயமே இல்லையா?

இருக்கு. பணம் ஒரு கை, இரண்டு கை, மூன்று கை மாறும்போது கடைசியில் எங்கே செலவானது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். வழியில் ஒவ்வொரு கையும் தன் பங்குக்கு நிர்வாகச் செலவு பிடித்துக்கொண்டதும் நடந்தது. உச்ச நீதிமன்றமும் 2022 ஏப்ரலில் நோயல் ஹார்ப்பர் வழக்கில் இந்தத் திருத்தங்களைச் செல்லும் என்றே சொன்னது. வெளிநாட்டு நன்கொடை வாங்குவது யாருக்கும் முழுமுற்றான உரிமை அல்ல என்பது தீர்ப்பின் சாரம். நிர்வாகிகள் ஆதாருக்குப் பதில் இந்திய பாஸ்போர்ட் கொடுக்கலாம் என்ற அளவுக்குத்தான் தளர்வு கிடைத்தது.

அடுத்தது, எல்லாரும் சுற்றிச் சுற்றி வரும் கேள்வி. மதமாற்றம். கொலராடோவைச் சேர்ந்த கம்பாஷன் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவ அமைப்பு இந்தியாவில் சுமார் 1.4 லட்சம் குழந்தைகளுக்குப் படிப்பு, சாப்பாடு, மருத்துவம் பார்த்தது. அதன் இரண்டு முக்கியப் பங்காளி அமைப்புகளில் ஒன்று சென்னையில் இருந்தது. உள்ளூர் அமைப்புகள் மதமாற்றத்தில் ஈடுபட்டதாக அரசு சந்தேகித்தது. கம்பாஷன் மறுத்தது. பணம் அனுப்ப ஒவ்வொரு முறையும் முன் அனுமதி வேண்டும் என்றானது, 2017 மார்ச்சில் அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். யார் சொன்னது சரி என்பது ஒருபுறம். குழந்தைகள் கதி? எந்த ஏற்பாடும் இல்லாமல் ஒரு பருவத்தின் நடுவில் நிறுத்தப்பட்ட உதவிக்கு யார் பொறுப்பு என்று இரண்டு தரப்பும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை.

மதத்தின் பெயரால் வரும் பணத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எந்தப் பணத்தையும் அப்படித்தான் பார்க்கணும். ஒரு வேளைச் சோற்றுக்கு ஒருவர் தன் நம்பிக்கையை விற்க வேண்டிய நிலை வந்தால் அது உதவியே இல்லை. ஆனால் சந்தேகம் வந்த அமைப்பின் கணக்கைத் திறந்து பாருங்கள், தப்பு இருந்தால் வழக்குப் போடுங்கள். 7-வது பிரிவு அதைச் செய்யவில்லை. சர்ச் பணம், மடத்துப் பணம், மதமே இல்லாத பணம் என்று பார்க்காமல் எல்லாருக்கும் குழாயை நடுவில் வெட்டிவிட்டது. தொழுநோய் மருந்து கொடுத்தவருக்கும் அதே கத்திரிதான்.

அறக்கட்டளைகளையும் விட்டுவிட முடியாது. மூன்று வருஷ ப்ராஜெக்ட் முடிந்ததும் ‘நன்றி, வணக்கம்’. மலைக்கிராமத்துக் குழந்தைக்குப் படிப்பு மூன்று வருஷத்தில் முடியுமா? அலுவலகச் சம்பளத்துக்குப் பணம் கேட்டால் முகம் சுளிப்பார்கள். திறப்பு விழா போட்டோவுக்கு ஏற்ற கட்டடம், கணினி என்றால் சந்தோஷம். அரை நூற்றாண்டாக வெளிப்பணத்திலேயே பழகிய உள்ளூர் அமைப்புகள் பலவும் பக்கத்துத் தெருவில் நன்கொடை கேட்கக் கற்றுக்கொள்ளவே இல்லை.

சரி, நம்ம ஊர்ப் பணம்?

‘வெளிநாட்டுக் காசு எதுக்கு, இங்கேயே கோயில், மசூதி, சர்ச், கம்பெனின்னு எவ்வளவு பணம் இருக்கு’ என்பது அடுத்த கேள்வி. நல்ல கேள்விதான். ஆனால் அங்கேயும் வழி சுலபமாக இல்லை. இந்தியாவுக்குள்ளேயே ஒரு அறக்கட்டளை இன்னொரு அறக்கட்டளைக்குப் பணம் கொடுத்தால், முன்பு அது முழுவதும் அறச்செலவாகக் கணக்கில் ஏறும். 2023 நிதிச் சட்டம் அதை 85 சதவீதமாகக் குறைத்தது. நூறு ரூபாய் கொடுத்தால் எண்பத்தைந்துதான் செலவு. தானே வேலை செய்யும் பெரிய அறக்கட்டளைக்குப் பாதிப்பு இல்லை, மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பவருக்குத்தான் உதை. இங்கேயும் அடி விழுவது அதே நடு ஆளுக்கு.

நீங்களும் நானும்? எங்க ஆபீஸில் வருஷா வருஷம் ஹெச்ஆர் மெயில் வரும், புது வரி முறையா பழைய முறையா என்று. யோசிக்காமல் புதுசை டிக் செய்துவிட்டு டீ குடிக்கப் போவேன். புது முறையில் 80ஜி சலுகை கிடையாது என்பது அப்புறம்தான் உறைத்தது. அதாவது நான் ஒரு என்ஜிஓ-வுக்குக் கொடுக்கும் ஆயிரம் ரூபாய்க்கு வரியில் ஒரு பைசா குறையாது. கொடுப்பவர் வரிக்காகவா கொடுக்கிறார் என்று கேட்கலாம். மார்ச் மாதம் எந்த என்ஜிஓ-வையாவது கேட்டுப் பாருங்க, சொல்வார்கள்.

அமெரிக்காவில் இருக்கும் உங்க அண்ணன் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் அனுப்புகிறார் என்றால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். அவரிடம் இந்திய பாஸ்போர்ட் இருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை இல்லை. சிட்டிசன்ஷிப் வாங்கிவிட்டார் என்றால் அதே அண்ணன், அதே பணம், ஆனால் எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாத அமைப்பு அதைத் தொடவே கூடாது. ஓசிஐ கார்டு இருந்தாலும்தான்.

என் கோரிக்கை பெரிசாக ஒன்றும் இல்லை. பதிவு பெற்ற அமைப்பு இன்னொரு பதிவு பெற்ற அமைப்புக்கு, ஒரு கை மாற்றத்துக்கு மட்டும், நிதி கொடுக்க அனுமதியுங்கள். இரண்டு பேரும் டெல்லியின் அதே வங்கிக் கிளையில்தான் கணக்கு வைத்திருக்கிறார்கள், ஒரு ரூபாய் நகர்ந்தாலும் அரசுக்குத் தெரியும். தடம் தெரியாமல் போகும் என்ற பயத்துக்கு அந்த ஒற்றைக் கிளை விதியே பதில் வைத்திருக்கிறது. சின்ன அமைப்புகளுக்கு நிர்வாகச் செலவைச் சதவீதமாகப் பார்க்காமல் குறைந்தபட்சத் தொகையாகவும் பாருங்கள்.

இவ்வளவும் வெளிப்படைத்தன்மைக்காக என்று அரசு சொல்கிறது இல்லையா? 2022 ஜூலை வரைக்கும் உள்துறை அமைச்சகத்தின் எஃப்சிஆர்ஏ இணையதளத்தில் எந்த அமைப்பின் ஆண்டுக் கணக்கையும் நீங்களே திறந்து பார்க்கலாம். எந்த நாட்டிலிருந்து, யாரிடமிருந்து, எவ்வளவு என்று மொபைலிலேயே தெரியும். பதிவு ரத்தான அமைப்புகளின் பட்டியலும் இருந்தது. அந்த மாதம் இவை தளத்திலிருந்து எடுக்கப்பட்டன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவை வெளியிட வேண்டும் என்ற விதியும் அப்போதே நீக்கப்பட்டது. இப்போது உங்கள் ஊர் அமைப்புக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால், அவர்களிடமே நேரில் போய்க் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். கேளுங்க. ஒளிக்க எதுவும் இல்லாதவர்கள் ஆடிட் ரிப்போர்ட்டை எடுத்து மேஜையில் வைப்பார்கள்.