அரசர்களைச் சிறைவைத்த கோட்டை

வேலூர்க் கோட்டை வாசலில் பள்ளிச் சுற்றுலாப் பேருந்து வந்து நின்றால், அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பிள்ளைகள் வரிசையாக ஜலகண்டேசுவரர் கோயிலுக்குள் போவார்கள். அகழியோரம் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். கட்டிவந்த சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். மூன்று அரச வம்சங்கள் அடைபட்டுக் கிடந்த மண்ணை மிதித்தோம் என்பது தெரியாமலேயே ஊர் திரும்புகிறார்கள். இது பெரிய நஷ்டம்.

விஜயநகரப் பேரரசின் கீழிருந்த நாயக்கர்கள் 16ஆம் நூற்றாண்டில் கட்டியது இந்தக் கோட்டை. பரப்பு 133 ஏக்கர். சுற்றிலும் கருங்கல் மதில், அதைச் சுற்றி அகழி. எதிரி உள்ளே வராமல் தடுக்க வெட்டிய அகழி, உள்ளே இருப்பவர் வெளியே போகாமல் தடுக்கவும் உதவியது. தலைநகராக இருந்த கோட்டையே சிறையாகவும் ஆனது அதனால்தான்.

முதலில் மாட்டியது விஜயநகர அரச குடும்பமே. 1614இல் வேங்கடபதி தேவராயர் இறந்ததும் அவருடைய அண்ணன் மகன் ஸ்ரீரங்கர் பட்டத்துக்கு வந்தார். அது பிடிக்காத ஜக்கராயன் என்ற பிரபு, அவரைக் குடும்பத்தோடு வேலூரில் அடைத்தான். பிறகு குடும்பத்தோடு கொன்றான். ஒரு மகன் மட்டும் தப்பினான். ஸ்ரீரங்கரின் பக்கம் நின்ற யாச்சம நாயக்கர், சலவைத் தொழிலாளி ஒருவரின் உதவியோடு அந்தச் சிறுவனைத் துணி மூட்டைக்குள் வைத்து வெளியே கொண்டுவந்துவிட்டார். அந்தப் பகை கல்லணைப் பக்கம் தோப்பூரில் பெரும் போராக வெடித்தது. ஜக்கராயன் அங்கே மாண்டான். மூட்டைக்குள் தப்பிய பையன் ராமதேவராயனாக முடிசூடினான். கோட்டை வாசலில் நிறுத்தி இதைச் சொன்னால் எந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை வேறு பக்கம் திரும்பும்?

அடுத்து வந்தது மைசூரை ஆண்ட திப்பு சுல்தானின் குடும்பம். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு அவருடைய பிள்ளைகளையும் உறவினர்களையும் ஆங்கிலேயர்கள் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். மகால்கள், வேலைக்காரர்கள், உதவித்தொகை எல்லாம் கொடுத்தார்கள். விடுதலையை மட்டும் கொடுக்கவில்லை.

1806 ஜூலை 10ஆம் தேதி விடிவதற்கு முன் இதே கோட்டையில் வெடித்த சிப்பாய்களின் எழுச்சி பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடத்தில் இருக்கிறது. தோல் பட்டை வைத்த புதிய தலைப்பாகை, நெற்றிக்குறிக்குத் தடை, தாடியை மழிக்கச் சொன்ன உத்தரவு என்று காரணங்களை மாணவர்கள் ஒப்பிப்பார்கள். ஆனால் கோட்டைக்குள் நடந்து பார்த்தால்தான் இன்னொன்று உறைக்கும். சிறைவைக்கப்பட்ட இளவரசர்களின் மகால்களும் சிப்பாய்கள் இருந்த இடங்களும் ஒரே மதிலுக்குள், கூப்பிடு தூரத்தில் இருந்தன. மனம் கசந்த படையையும் நாடிழந்த அரச குடும்பத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனி. முந்தின நாள் திப்புவின் மகளுக்குக் கல்யாணம். அந்தக் கூட்டமும் சிப்பாய்களுக்கு வசதியாகப் போயிற்று. இரவோடு இரவாக ஐரோப்பியக் காவலர்களை வீழ்த்தினார்கள். கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட்டும் இறந்தார். கொடிமரத்தில் மைசூர்க் கொடி ஏறியது. திப்புவின் மகன் ஃபதே ஹைதரை அரசர் என்று அறிவித்தார்கள்.

ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்த ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி, தன் ஆட்களுக்கு முன்பே வந்துசேர்ந்து, மேலிருந்து தொங்கவிட்ட கயிற்றைப் பிடித்து மதில் ஏறினார். பின்னால் வந்த பீரங்கிகள் கதவைப் பிளந்தன. அதன் பிறகு நடந்தது பழிவாங்கல். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். மகாலுக்குள் ஒளிந்திருந்தவர்களை இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். சென்னை ஆளுநர் பெண்டிங்கும் படைத் தலைவர் கிரடாக்கும் பதவியிழந்து லண்டன் திரும்பினார்கள். திப்புவின் பிள்ளைகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இது இளவரசர்களின் சதியா, தலைப்பாகையால் வந்த கொதிப்பா? அன்றைக்கே அதிகாரிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். அந்த வழக்கை மாணவர்களிடமே விட்டுவிடலாம். இரண்டு அணியாகப் பிரித்து, மகாலைக் காட்டி ஓர் அணியையும் அணிவகுப்பு மைதானத்தைக் காட்டி மறு அணியையும் பேசச் சொன்னால், மனப்பாடம் செய்த மூன்று காரணங்களைத் தாண்டி அவர்கள் யோசிப்பார்கள். வகுப்பறையில் இது முடியாது, தூரமும் உயரமும் அங்கே தெரியாது.

மூன்றாவதாக வந்தவர் கடல் கடந்து வந்தார். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட நாயக்கர் வம்சத்தவர். 1815இல் பிடிபட்டு, அடுத்த ஆண்டு குடும்பத்தோடு வேலூருக்குக் கொண்டுவரப்பட்டார். 1832 ஜனவரி 30 அன்று இறக்கும்வரை நாடு திரும்பவில்லை. கோட்டைக்குள் கண்டி மகால் என்ற பெயர் இருக்கிறது. பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. இலங்கையின் கடைசி அரசர் அங்கே உறங்குகிறார் என்று எத்தனை வேலூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்?

கோயிலைப் பார்க்க வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கல்யாண மண்டபத் தூண்களில் பாயும் குதிரைகளைத் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் பார்ப்பதே ஒரு பாடம். கேட்பது கூடுதலாக இரண்டு மணி நேரம். பேருந்து ஏறும் முன்பே மூன்று கைதிகளின் கதையை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்கலாம். கோயிலை முடித்து மதிலோரமாக நடந்து, மகால்களைப் பார்த்து, கோட்டைக்குள்ளேயே இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கும் போய், கடைசியில் முத்து மண்டபத்தில் இறக்கிவிடலாம்.

இதற்கு ஆசிரியர்களை மட்டும் நம்பியிருப்பது நியாயமில்லை. நாற்பது, ஐம்பது பிள்ளைகளை எண்ணி எண்ணிக் கூட்டிப்போவதிலேயே அவர்களுக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. தொல்லியல் துறையும் பள்ளிக்கல்வித் துறையும் சேர்ந்து, வேலூர்க் கல்லூரிகளில் வரலாறு படிக்கும் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுற்றுலா மாதங்களில் வழிகாட்டிகளாக நிறுத்தலாம். அவர்களுக்குச் சிறு ஊதியமும் கிடைக்கும். வருகிற பிள்ளைகளுக்கும் கேள்வி கேட்க ஓர் அக்காவோ அண்ணனோ கிடைப்பார்கள்.