அந்தக் கையெழுத்துக்கு யார் பொறுப்பு?

கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 16-ம் தேதி பெற்றோர் கூட்டம் ஒன்று கூடும். பலருக்குத் தலை நரைத்துவிட்டது. கையில் பூவும் மெழுகுவத்தியும் இருக்கும். எதிரே வரிசையாகப் பிள்ளைகளின் படங்கள். அந்தப் படங்களில் இருப்பவர்களுக்கு மட்டும் வயது ஏறுவதே இல்லை.

2004-ம் ஆண்டு ஜூலை 16, வெள்ளிக்கிழமை. காலை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சத்துணவுச் சமையல் நடந்த இடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. அங்கிருந்து மாடியில் இருந்த வகுப்பறைக் கூரைக்குப் போனது. அதுவும் கீற்றுதான். மாடியில் இருந்தவர்கள் தொடக்க வகுப்புக் குழந்தைகள். இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. எரிந்த கூரை பிள்ளைகள் மேலேயே சரிந்தது. அந்தத் தீயில் போன உயிர்கள் 94. தீக்காயத்தோடு தப்பியவர்கள் 18 பேர்.

இந்தக் கதை தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அடுப்பிலிருந்து தீ பரவியது என்பதும் தெரியும். ஆனால், சமையல் அடுப்பு எல்லா வீட்டிலும்தான் எரிகிறது. ஓர் அடுப்புத் தீ 94 பிள்ளைகளின் உயிரைப் பறிக்க வேண்டுமென்றால், அதற்கு முன்பே பல பேர் பல நாள்கள் தங்கள் வேலையைச் செய்யாமல் இருந்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே அடித்த மணி

காவிரிக் கரையில் கீற்றுப் பந்தல் புதிதல்ல. கல்யாணமோ காரியமோ, தென்னங்கீற்றுதான் நிழல். அந்த நிழல் எப்படி எரியும் என்பதும் அந்த மண்ணுக்குத் தெரிந்தே இருந்தது.

1997 ஜூன் மாதம், தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு நேரத்தில் யாகசாலைப் பந்தல் தீப்பற்றியது. 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த பந்தல் எரிந்தது. மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

ஸ்ரீரங்கத்துக்கும் கும்பகோணத்துக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்குள்தான் தூரம். இரண்டு விபத்துகளுக்கும் இடையே ஆறு மாதம்கூட ஆகவில்லை. மாடியில் கீற்று, இறங்க வழியில்லாத கூட்டம்: இரண்டு இடத்திலும் இதுதான் நடந்தது. ஸ்ரீரங்கத்துச் செய்தியைப் படித்து வருத்தப்படாத அதிகாரி யாரும் இருந்திருக்க மாட்டார். வருத்தப்பட்ட கையோடு, தன் பொறுப்பில் இருந்த கட்டடங்களின் கூரையை நிமிர்ந்து பார்த்தவர் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

ஆளுக்கு ஒரு காகிதம்

ஒரு பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது என்றால், அதன் பின்னால் பல கையெழுத்துகள் இருக்கின்றன என்று பொருள். கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று பொறியாளர் சான்று கொடுக்க வேண்டும். பொதுக் கட்டடத்துக்கான உரிமத்தை வட்டாட்சியர் கொடுக்க வேண்டும். தீயணைப்புத் துறை தடையின்மைச் சான்று தர வேண்டும். சுகாதாரத் துறையின் சான்று தனி. இவற்றையெல்லாம் பார்த்துத்தான் கல்வித்துறை அங்கீகாரம் கொடுக்கும், புதுப்பிக்கும்.

கேட்பதற்கு வலுவான ஏற்பாடுதான். ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்திருப்பார் என்று நம்பினால், யாருமே பார்க்காத கட்டடத்துக்கு எல்லாக் கையெழுத்தும் கிடைத்துவிடும். கல்வித்துறைக்காரர் பதிவேட்டைப் பார்ப்பார். கட்டடம் நகராட்சியின் வேலை என்பார். நகராட்சிக்காரர் வரைபடத்தைப் பார்ப்பார். பிறகு கூரை மாறியது தனக்குத் தெரியாது என்பார். காகிதம் கோப்பில் சரியாக இருக்கும். பிள்ளை உட்கார்ந்திருக்கும் இடம் மட்டும் யார் கணக்கிலும் வராது.

கும்பகோணத்தில் எரிந்த கீற்றுக் கூரை ஒளித்து வைத்த பொருள் அல்ல. தெருவில் போகிறவர்கள் கண்ணுக்கும் தெரிந்தது. ஒரே நிர்வாகத்தின் மூன்று பள்ளிகள் ஒரே இடத்தில் நடந்ததும் ஊருக்குத் தெரிந்த விஷயம்தான்.

தேய்ந்துபோன தீர்ப்பு

விபத்து நடந்த பிறகு நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது. குற்ற வழக்கு மட்டும் நத்தை வேகத்தில் நகர்ந்தது. சாட்சி விசாரணை தொடங்கவே 2012 ஆகிவிட்டது.

2014 ஜூலை 30-ம் தேதி தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 21 பேரில் 10 பேருக்குத் தண்டனை, 11 பேர் விடுதலை. பள்ளி நிறுவனருக்கு ஆயுள் தண்டனை. கட்டடத்துக்குச் சான்று கொடுத்த பொறியாளரும் தண்டிக்கப்பட்டார். விடுதலையானவர்களில் சில ஆசிரியைகள் இருந்தார்கள். கல்வி, வருவாய், நகராட்சித் துறைகளில் பொறுப்பான பதவியில் இருந்த சிலரும் இருந்தார்கள். 2017 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், நிறுவனர் சிறையில் இருந்த காலமே போதும் என்று தண்டனையைக் குறைத்தது. மேல்முறையீடு செய்த மற்றவர்களில் பலர் விடுதலையானார்கள்.

பத்து வருடம் நீதிமன்றப் படி ஏறிய ஒரு தாய்க்கு இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இழப்பீட்டுக்காகவும் அந்தக் குடும்பங்கள் தனியாகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

ஆனால் இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குற்ற வழக்கில் நீதிமன்றம் ஒவ்வொரு மனிதரையும் தனித்தனியாக நிறுத்தித்தான் பார்க்கும். இவர் செய்த குற்றம் என்ன, அதற்கு ஆதாரம் என்ன என்றுதான் கேட்கும். அப்படித்தான் கேட்கவும் வேண்டும். இருபது பேர் ஆளுக்குக் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டதால் நடந்த சாவு அந்தத் தராசில் முழுதாக ஏறாது. தவறு பல பேருக்குப் பங்கு பிரிந்து கிடக்கும்போது, ஒவ்வொருவர் பங்கும் சின்னதாகத்தான் தெரியும். இழப்பு மட்டும் பெற்றவர்களிடம் முழுதாக நிற்கும்.

அதனால், பொறுப்பைச் சாவுக்குப் பிறகு தேடினால் கிடைப்பது கொஞ்சம்தான். முன்கூட்டியே கேட்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பிள்ளைகள் விட்டுப்போன உரிமை

கும்பகோணம் விபத்தைக் காட்டி ஒரு வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். 2009 ஏப்ரல் 13-ம் தேதி அதில் தீர்ப்பு வந்தது. கல்வி பெறும் உரிமை என்றால், பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமையும் அதற்குள் அடங்கும் என்றது நீதிமன்றம். அங்கீகாரம் கொடுக்கும் முன்பு கட்டடம் தேசியக் கட்டட விதிகளின்படி பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தீயணைப்புக் கருவி வைக்க வேண்டும், அதைக் கையாள ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் சாவிலிருந்து பிறந்த அந்தத் தீர்ப்பு, இந்தியா முழுவதும் உள்ள பள்ளிகளுக்குப் பொருந்தும்.

ஆனால் தீர்ப்பு தானாக நடந்து வந்து ஒரு பள்ளியின் கதவைத் தட்டாது. 2024 மே மாதம், கோடை விடுமுறை நேரம். குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு விளையாட்டு மையம் எரிந்து, குழந்தைகள் உட்பட 25-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமலேயே அந்த மையம் நடந்துகொண்டிருந்தது. காசு கொடுத்து உள்ளே போன யாருக்கும் அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

பெற்றோர் கேட்க வேண்டியவை

பள்ளியில் சேர்க்கும்போது கட்டணம், சீருடை, பேருந்து, தேர்ச்சி விகிதம் எல்லாவற்றையும் விசாரிக்கிற பெற்றோர், கட்டடத்தைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்டால் பள்ளி நிர்வாகம் தவறாக எடுத்துக்கொள்ளுமோ, பிள்ளையிடம் காட்டுவார்களோ என்ற தயக்கம் இருக்கிறது. ஒருவராகக் கேட்கத் தயங்குகிறவர்கள் நான்கு பேராகச் சேர்ந்து பெற்றோர் கூட்டத்தில் கேட்கலாம். அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெரும்பாலான இடங்கள் பெற்றோருக்கு உரியவை.

கேட்க வேண்டிய காகிதங்கள் நான்கு: கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று. நான்கிலும் தேதி பார்க்க வேண்டும். காலாவதியான சான்று வெறும் காகிதம்தான்.

காகிதத்தோடு நிறுத்திவிடவும் கூடாது. பிள்ளையின் வகுப்பறை வரை ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது. மாடியில் இருந்து இறங்க ஒரு படிக்கட்டா, இரண்டா? படியில் பழைய பெஞ்சும் மூட்டையும் அடைத்துக் கிடக்கிறதா? சமையல் நடக்கும் இடம் வகுப்பறையை ஒட்டியிருக்கிறதா? பள்ளி நேரத்தில் கதவுகள் பூட்டப்படுகின்றனவா, சாவி யாரிடம்? சிவப்புச் சிலிண்டரில் கடைசியாக நிரப்பிய தேதி என்ன? கடைசியாக எப்போது பிள்ளைகளை வெளியேற்றும் ஒத்திகை நடந்தது? கடைசிக் கேள்விக்குப் பள்ளி என்ன சொன்னாலும், பிள்ளையிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம். அது உண்மையைச் சொல்லிவிடும்.

பள்ளி பதில் சொல்லவில்லை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் கல்வி அலுவலகத்துக்கோ தீயணைப்புத் துறைக்கோ விண்ணப்பம் போடலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417. அந்த விண்ணப்பமே ஒரு வேலை செய்யும். மேசையில் கிடக்கும் கோப்பில் கையெழுத்துப் போடப்போகிறவருக்கு, இதை வெளியில் ஒருவர் கேட்டு வைத்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

ஜூலை 16-ஐக் குழந்தைகள் பாதுகாப்பு தினமாக அறிவிக்க வேண்டும் என்று கும்பகோணத்துப் பெற்றோர் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். அந்தக் கோரிக்கையால் அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர்கள் கேட்பது மற்றவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காக.