வீடும் வாசலும்: மேற்கு ஜன்னல்

சென்னையில் மேற்குப் பார்த்த அறையில் குடியிருப்பவர்களுக்கு நரகத்தின் வர்ணனையைப் பௌராணிகர் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வைகாசி மாதத்தில் பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரையில் அதை அவர்கள் நேரிலேயே அநுபவித்து வருகிறார்கள்.

என் நண்பர் ஒருவர் வீட்டில் அத்தகைய அறை அவருடைய தாயாருக்கு ஏற்பட்டிருந்தது. அம்மாளுக்கு எண்பது பிராயம்; மாடிப்படி ஏற இயலாது. தகப்பனார் காலத்தில் வைத்த தேக்கு ஜன்னலின் கதவுகள் தொங்கிப் போய், மழை பெய்தால் சாரலை உள்ளே வரவழைத்துக்கொண்டிருந்தன. நண்பர் தாராள மனத்துடன் அதைப் பெயர்த்தெடுத்துவிட்டு, கடைக்காரர் காட்டிய படத்தைப் பார்த்து, சுவரில் பாதியை அடைக்கும் பெரிய கண்ணாடி ஜன்னல் போட்டார். இரண்டு கண்ணாடிகள், நடுவில் அடைத்த காற்று. விலையும் அதற்குத் தகுந்தபடி இரட்டை. "சீமையில் எல்லாம் இதுதான் ஸார்!" என்றாராம் கடைக்காரர்.

முதல் கோடையிலேயே அம்மாள் பாயைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குப் பக்கத்து நடைக்கு வந்துவிட்டாள். அறையிலிருந்த குளிர்சாதன யந்திரம் ஓயாமல் ஓடிற்று. மின்சாரக் கட்டணத்தில் அலகு ஏற ஏற விகிதமும் ஏறும் அல்லவா? சீட்டைப் பார்த்த பிறகு நண்பருக்கும் தூக்கம் போயிற்று.

கடைக்காரர் பொய் சொன்னாரா? இல்லை, சீமையில் அதுதான் வழக்கம். ஆனால் நண்பரின் வீடு சீமையில் இல்லை, மாம்பலத்தில் இருக்கிறது. இந்தச் சிறு பேதத்தை மறந்ததுதான் பிசகு.

ஜன்னல் வழியாக உஷ்ணம் இரண்டு மார்க்கங்களில் உள்ளே பிரவேசிக்கிறது. வெளிக் காற்றின் சூடு கண்ணாடியில் ஊறி உள்ளே வருவது ஒன்று. இதை அளக்கும் எண்ணுக்கு 'யூ மதிப்பு' என்று பெயர். சூரிய கிரணம் கண்ணாடியை ஊடுருவிக்கொண்டு வருவது மற்றொன்று. விழுகின்ற வெயிலில் எவ்வளவு பங்கு உஷ்ணமாக அறைக்குள் சேருகிறது என்பதைக் காட்டும் பின்னத்துக்கு 'எஸ்.எச்.ஜி.சி.' என்று பெயர். இரண்டும் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. ஆயினும் நம் ஊரில் எது முக்கியம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒற்றைக் கண்ணாடியின் யூ மதிப்பு ஏறக்குறைய 5.7. வெளியே 38 டிகிரி, உள்ளே 26 டிகிரி என்றால் வித்தியாசம் 12. ஆகவே சதுர மீட்டருக்கு 68 வாட் உஷ்ணம் ஊறி வரும். இனி வெயிலின் கணக்கு. மாலை நாலு மணிக்கு மேற்கு ஜன்னலில் சதுர மீட்டருக்கு 500 வாட் வெயில் அடிப்பதாக வைத்துக்கொள்வோம். தெளிந்த கண்ணாடியின் பின்னம் சுமார் 0.8, எனவே 400 வாட் உள்ளே வந்து சேரும். முன்னதைப் போல் ஏறக்குறைய ஆறு மடங்கு! ஜன்னல் 2 சதுர மீட்டர் இருந்தால் 800 வாட். ஒரு டன் குளிர்சாதன யந்திரம் வெளியேற்றும் உஷ்ணம் சுமார் 3,500 வாட்தான். அதன் உழைப்பில் ஏறக்குறையக் கால் பங்கு இந்த ஒரு ஜன்னலுக்கே காணிக்கையாகிவிடுகிறது.

நண்பர் வாங்கிய தெளிந்த இரட்டைக் கண்ணாடி முதல் மார்க்கத்தைப் பாதியாகக் குறைத்தது வாஸ்தவம். இரண்டாவது மார்க்கத்திலோ 0.8 என்பதைச் சுமார் 0.7 ஆக்கியதோடு சரி. ஜன்னலைப் பெரிதாக்கியதில் அந்த லாபமும் பறிபோயிற்று. குளிர் தேசத்தில் இரவெல்லாம் வீட்டின் வெப்பம் வெளியே கசிகிறது. அதைத் தடுப்பதுதான் அவர்கள் கவலை. அங்கே வெயில் விருந்தாளி, இங்கே கடன்காரன். இருவருக்கும் ஒரே மாதிரிக் கதவைத் திறந்து வைக்கலாமா?

ஆகையால், ஜன்னல் மாற்ற எண்ணும் நேயர்கள் கடைக்குப் போகுமுன் திசையைப் பார்க்க வேண்டும். தெற்கு ஜன்னலுக்குக் கவலை குறைவு. வெயில் உயரத்திலிருந்து வருவதால், மேலே நீட்டிய வெயில் மறைப்பு போதும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரையில் சென்னையில் நடுப்பகல் சூரியன் வடக்கே இருக்கிறான். வடக்கு ஜன்னலுக்கும் சிறு மறைப்பு நல்லது. கிழக்கிலும் மேற்கிலும் சூரியன் தாழ்ந்து நேருக்கு நேர் பார்க்கிறான். மேலே நீட்டிய பலகை அவனைத் தடுக்காது. வெளிப்புறத்தில் மூங்கில் தட்டியோ, சரிந்த பலகைகள் கொண்ட கதவோ, ஒரு மரமோ வேண்டும். உள்ளே தொங்கும் திரையினால் பாதிப் பயன்தான்; வெயில் அதற்குமுன்பே கண்ணாடியைத் தாண்டிவிட்டது.

அடுத்தபடி கண்ணாடி. வெயிலைக் கட்டுப்படுத்தும் 'லோ-ஈ' பூச்சுள்ள கண்ணாடிகளில் 0.3-க்கும் குறைந்த பின்னமுள்ளவை உண்டு. ஆனால் வெளிச்சம் எவ்வளவு வரும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கன்னங்கறுத்த தாளை ஒட்டிவிட்டுப் பட்டப்பகலில் விளக்கேற்றுவது சிக்கனம் ஆகாது. எண்களைச் சீட்டில் எழுதித் தர மறுக்கும் கடைக்குக் கும்பிடு போட்டுவிடலாம்.

மூன்றாவது, காற்று. மத்திய மின்சார இலாகா 2018-ஆம் வருஷம் டிசம்பரில் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் விதித் தொகுப்பு, சென்னை போன்ற உஷ்ணமும் ஈரமும் உள்ள ஊர்களில் திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. 'திறக்கக்கூடிய' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். தள்ளித் திறக்கும் இரட்டைக் கதவு ஜன்னலில் பாதிதான் திறக்கும். கீல் வைத்த பழைய மாதிரியில் ஏறக்குறைய முழுவதும் திறக்கும். பிற்பகலில் கிழக்கேயிருந்து புறப்படும் கடற்காற்று வீட்டுக்குள் புகுந்து வெளியேறவும் வழி வேண்டுமல்லவா? கொசுவலை போட மறவாதீர்கள். இல்லாவிடில் அந்தி சாயுமுன்பே ஜன்னலைச் சாத்த நேரும்.

சட்டத்தைப் பொறுத்தவரையில், அலுமினியம் மரத்தைவிட ஆயிரம் மடங்கு அளவில் உஷ்ணத்தைக் கடத்தும் வஸ்து. மரமும் யு.பி.வி.சி.யும் இந்த விஷயத்தில் சாதுக்கள். யு.பி.வி.சி. வாங்கினால் வெயிலைத் தாங்கும் சரக்குதானா, உள்ளே எஃகு வலு உண்டா என்று விசாரிப்பது அவசியம். பழைய தேக்குச் சட்டம் உளுத்துப் போகாமல் இருந்தால், நல்ல தச்சரைக் கூப்பிட்டுக் காட்டாமல் பெயர்க்காதீர்கள். கீலும் கண்ணாடியும் மாற்றி, இடுக்கு அடைத்தால், அநேக ஜன்னல்களுக்கு மறுபிறவி கிடைத்துவிடும்.

நண்பர் மறுபடியும் பெருஞ் செலவு செய்யவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி மூங்கில் தட்டி கட்டினார். திறவாத கண்ணாடி ஒன்றைக் கழற்றிக் கீல் வைத்த கதவாக்கினார். சென்ற கோடையில் நான் போனபோது அம்மாள் தன் அறையில், தன் கட்டிலில், பிற்பகல் நித்திரையில் இருந்தாள். யந்திரம் ஓடவில்லை, மின்விசிறி மட்டும் சுழன்றுகொண்டிருந்தது.

பிறரிடமிருந்து வித்தையைக் கற்றுக்கொள்வதில் நமக்கு அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் உடம்புக்குத் தைத்த சட்டையை அளவெடுக்காமல் நாம் மாட்டிக்கொண்டால், வேர்த்துக் கொட்டுவது நமக்குத்தான்.